ஆறு பல்

பேரணாம்பட்டில் ஒரு பிளிமத் நிற்கிறது என்று
மெக்கானிக் தெய்வசிகாமணி போனில் சொன்னபோது
பொய்கைச் சந்தையில்
ஒரு மயிலைக் காளையின் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.
"ஐம்பத்தொண்ணாம் வருஷத்து வண்டிண்ணே.
மழையே பட்டதில்ல."
மாட்டுத் தரகனிடம் எல்லோரும்
மழை படாததைத்தான் விற்க வருகிறார்கள்.

தகரக் கதவு துருவேறி மடங்க மறுத்தது.
மூன்று பேர் தூக்கி நகர்த்தினோம்.
உள்ளே
நடுவகிடு எடுத்த முன்கண்ணாடியும்
வெண்டைக்காய்ப் பச்சை உடம்புமாக
அசை போடாமல் நின்றது.

பழக்கம் விடுமா.
உதைக்கிற தூரம் விட்டுப் பின்பக்கம் போனேன்.
தட்டினேன். கெட்டித் தகரம், கணீரென்றது.
முன்னால் வந்து நெற்றியில் சுழி தேடினேன்.
சுழிக்குப் பதில் சின்னதாய் ஒரு கப்பல்,
பாய் விரித்தபடி,
எந்தக் கடலும் இல்லாத ஊரில்.

"ஆறு சிலிண்டர்" என்றான் தெய்வசிகாமணி,
பானெட்டைத் தூக்கி.
ஆறு பல், என்றேன்.
ஏருக்கும் ஆகும், வண்டிக்கும் ஆகும்.
கமருன்னிசா அம்மாள் சிரித்துவிட்டார்.

சீட்டை முகர்ந்து பார்த்தேன்.
"எங்க டேனரித் தோல்தான், அத்தா போட்டது."
தோல் எந்தச் சந்தை மாடு என்று
நான் கேட்கவில்லை. வாசனை எனக்குத் தெரியும்.

மீட்டரில் நாலாயிரத்துச் சொச்சம் மைல்.
அதில் பாதி இந்த வாசலுக்குள் ஓடியதாம்.
முதல் வருஷமே கேட்டில் உரசிவிட்டு
அவர் அத்தா தெருவுக்கு எடுக்கவே இல்லை.
வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை
நாற்பதடி முன்னால், நாற்பதடி பின்னால்.
அவருக்குப் பிறகு இவர்.
முப்பத்தொரு வருஷம்.
கணக்கு டீச்சர். மைல் கணக்கை அவரே சொன்னார்.

விலைக்கு வந்தோம்.
துண்டை உதறிக் கையில் போர்த்தி
நீட்டிவிட்டேன், விரல் பிடிக்க.
எதிரில் நிற்பது யார் என்று
அப்புறம்தான் உறைத்தது.
வேர்வை துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னார்,
தெய்வசிகாமணி கேட்க,
எதிர் மாடியில் துணி உலர்த்தும் பெண் கேட்க,
"நாலு லட்சத்து இருபதாயிரம்."
வெட்டவெளியில் ஒரு விலை நிற்பதை
நாற்பது வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.
கூச்சமாக இருந்தது.
குறைத்துக் கேட்கத் தெரியாதவனா நான்?
ஆனால் அது விரலில்தான் வரும்,
வாயில் வரவில்லை.
சரி என்றுவிட்டேன்.
தெய்வசிகாமணி தலையில் அடித்துக்கொண்டான்.

"கேட் வரைக்கும் நான் ஓட்டித் தரேன்" என்றார்.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
நாற்பதடி வந்தது.
பிரேக்கில் கால் போகவில்லை.
கேட் போனது, மசூதி போனது,
பஸ் ஸ்டாண்டு போனது,
குறுக்கே வந்த ஆடுகள் போயின.
முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
மறு கையால் கியர் மாற்றினார்.
(அந்த நேரம் ஸ்டீயரிங்கை யார் பிடித்தார்கள் என்று
கேட்காதீர்கள்.)
லைசென்ஸ் பற்றி நானும் கேட்கவில்லை.

குடியாத்தத்தில் நிறுத்தினார்.
சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.
வளையத்தைத் தானே வைத்துக்கொண்டார்.
எங்கள் வழக்கம் அது:
மாடு வாங்கினவனுக்கு, கயிறு விற்றவருக்கு.
அவருக்கு யார் சொன்னார்களோ.
திரும்பிப் பார்க்காமல்
பேரணாம்பட்டு டவுன் பஸ்ஸில் ஏறினார்.
ஜன்னலோர சீட்டுக்கு
ஒரு காலேஜ் பையனோடு சண்டை போட்டார்.

பள்ளிகொண்டா பாலம். கீழே மணல்.
பின்னால் லாரி ஹாரன்.
இண்டிகேட்டர் இல்லாத வண்டி;
முந்திப் போ என்று கையை வெளியே நீட்டினேன்.
இரண்டு விரல் தானாக மடிந்துகொண்டது.

லாரி பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது.
கிளீனர் பையன் பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்தினான்:
"இன்னா வெலைக்கு எடுத்தே நைனா?"

துண்டைத் தேடினேன்.
தோளில்தான் இருந்தது.
அப்படியே விட்டு
வாயால் சொன்னேன்.
காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை.
இன்னும் உரக்கச் சொன்னேன்.