கணப்பின் சூடு

நாற்பதாவது நிமிடம் வரை
அந்தப் படத்தின் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

ஒருத்தி வீட்டுக்குத் திரும்புகிறாள்.
காலணியில் ஒட்டிய பனியை உதறுகிறாள்.
இசை இல்லை.
சமையலறைக் குழாயில் ஒரு சொட்டு
விழலாமா என்று யோசித்துக்கொண்டு தொங்குகிறது.
காமிரா அதை விட்டு நகரவே இல்லை.
நாற்காலி ஒன்று
மேசையிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது.
அவள் பார்க்கவில்லை, நாங்கள் பார்த்தோம்.
தார்த்து நகரத்தின் அந்தச் சின்ன அரங்கில்
பதினொரு பேர்
மூச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு அந்த நாற்காலியைத் தெரியும்.

ஒன்பது வருடம் முன்பு, பிப்ரவரியில்,
பார்னுவில் அக்கா வைகேயின் வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு
பட்டாணித் தெருவில் என் மரவீட்டைத் திறந்தேன்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
உள்ளே
கணப்பு வெதுவெதுப்பாக இருந்தது.

அதன் ஓட்டு வயிற்றில் கையை வைத்தேன்.
இப்போதுதான் எழுந்துபோன ஆளின்
படுக்கை போல் இருந்தது.

பூட்டு பூட்டியபடி. பணம் பெட்டியில்.
ஏழு விறகு குறைவு. கழுவிக் கவிழ்த்த ஒரு கோப்பை.
நான் பாதியில் விட்ட குறுக்கெழுத்தில்
மூன்று சொற்கள் நிரம்பியிருந்தன,
இடப்பக்கம் சாயும் யாருடையதோ கையெழுத்தில்.
மூன்றும் சரி.
ஒன்றோடு நான் ஒரு வாரமாக முட்டிக்கொண்டிருந்தேன்.

வந்த காவலர் ரௌனோவுக்குக்
குளிரில் காது மட்டும் சிவந்திருந்தது.
"என்ன திருடு போச்சு?"
"விறகு."
"வேற?"
செய்தித்தாளை நீட்டினேன்.
நிதானமாகப் படித்தார்.
"ஒன்பது, மேலிருந்து கீழ், தப்பும்மா" என்றார்.
அது நான் எழுதியது.

நாற்பதாவது நிமிடத்தில்
திரையில் நிலவறைக் கதவு திறந்தது.
அவன் வந்தான். அதோடு போயிற்று.
முகமூடி. முகமூடிக்குள் ஒரு முகம்.
அந்த முகத்துக்கு ஓர் இரட்டைச் சகோதரன்.
சொல்லிவைத்தாற்போல் இடி, மின்னல்.
அவள் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு
சின்ன வயதில் தன்னை அலமாரிக்குள் பூட்டிய கதையை
ஆதியோடந்தமாகச் சொன்னான்.
அச்சம் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு,
பக்கவாட்டு வழியாக வெளியேறியதை
என் கண்ணால் பார்த்தேன்.
முன்வரிசையில் யாரோ மிட்டாய்த் தாளைப் பிரித்தார்கள்.

நான் பொய்ப்பல் செய்கிறவள், முப்பது வருடமாக.
பொய், கடிக்கும்போது ஆடக் கூடாது.
ஈறுக்கே தெரியக் கூடாது.
இந்த ஆள் முன்பற்களை அப்படிச் செதுக்கிவிட்டுக்
கடைவாயைச் சாந்து பூசி அடைத்திருக்கிறான்.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தேன்.
உருளைக்கிழங்குத் தெரு முனையில்
வாய் தானாக நின்றது.

என் கதை மட்டும் என்ன வாழ்ந்தது?
முதல் வருடம் புதுப் பூட்டு, தலையணைக்கடியில் கோடரி.
மரம் குளிரில் முறியும் ஒவ்வொரு சத்தத்துக்கும்
எழுந்து உட்கார்ந்தேன்.
இரண்டாம் வருடம் கோடரி
விறகுக் கொட்டகைக்குத் திரும்பியது.
மூன்றாம் வருடம்,
வைகேயிடம்கூட இதைச் சொன்னதில்லை,
ஊருக்குப் போகும்போது
குறுக்கெழுத்தை வேண்டுமென்றே பாதியில் விட்டேன்.
பக்கத்தில் சீவிய பென்சில்.
பின்சன்னலின் கொக்கியை மறந்தாற்போல் விட்டேன்.

திரும்பி வந்தபோது
பென்சிலின் மேல் தூசி இருந்தது.
அடுத்த வருடமும் அதேதான்.

அவனோ அவளோ, யாராயிருந்தாலும்
எனக்கு முகம் வேண்டாம்.
அலமாரியில் அடைபட்ட பிள்ளைப்பருவம் வேண்டாம்.
இடப்பக்கம் சாயும் இன்னுமொரு சொல்
போதுமாயிருந்தது.

கதவைத் திறந்தேன்.
விளக்கைப் போடுமுன் வழக்கம்போல்
கணப்பைத் தொட்டேன்.
சில்லென்று இருந்தது.
கோட்டைக் கழற்றாமலே குனிந்து
தீ மூட்டச் செய்தித்தாளைக் கசக்கினேன்,
ஒரு பக்கத்தை மட்டும்
தனியே எடுத்து வைத்துவிட்டு.