நாற்பது விரிப்புகள்

வேலை முடிந்து கால் நனைக்க இறங்கினாள் எவுலாலியா.
மெக்சிகோவின் மேற்குக் கரை, அக்டோபர்க் கடைசி.
முன்பெல்லாம் இந்த மாதத்தில்
கணுக்கால் சிலிர்க்கும்.
இன்று, யாரோ குளித்துவிட்டுத்
தொட்டியில் விட்டுப்போன தண்ணீர் மாதிரி
வெதுவெதுவென்று கடல்.

ஆறு மணி வானொலி
'மழை வரலாம்' என்றது.
விடுதியின் நாற்பது படுக்கை விரிப்புகளையும்
கொடியிலேயே விட்டுவிட்டாள்.
மழைதானே,
இன்னொரு அலசல்.

காற்று எவ்வளவு கிளறியும்
அடியிலிருந்து குளிர்ந்த நீர் எழவில்லை.
ஆழம்வரை சூடு.
புயல் கண் திறக்க
ஒரே இரவு போதுமாயிருந்தது.

விடிந்தபோது கூரை இல்லை.
கொடிக்கயிறு இருந்தது,
அவள் போட்ட முடிச்சோடு.

மூன்றாம் நாள்
மலைச்சரிவில், முறிந்த மாமரத்தில் சுற்றிக்கிடந்த
ஒரு விரிப்பை எடுத்துவந்தான் நஸாரியோ.
அலசப் போனாள்.
குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

கடலில் இருக்கிறது.
இன்னும் ஆறவில்லை.