கார்டு சேரவில்லை

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ், பிரவுசிங், பி.எஃப். விண்ணப்பம்,
பாஸ்போர்ட் படம் எட்டு அறுபது ரூபாய்.
போர்டில் எழுதாதது ஒன்றுண்டு:
கம்ப்யூட்டருக்கு வயது பதினாறு.

போன ஞாயிறு வின்ஸ்டன் வந்து
காசு வாங்காமல் புதுசாய் ஒன்றை ஏற்றிக் கொடுத்தான்.
ஜன்னலுக்கு ஜன்னல் நிழல் விழும், அக்கா.
மூடினால் புகையாய்ப் போகும்,
இழுத்தால் ஈரத்துணி மாதிரி அசையும்.
அவன் லேப்டாப்பில் அப்படித்தான் அசைந்தது.

திங்கள் பத்தரைக்கு
ஆவுடைத்தங்கத்தின் விண்ணப்பத்தைத் திறந்தேன்.
நிழல் விழுந்தது.
விழுந்த இடத்திலேயே கிடந்தது.
நகர்த்தினால், நகர்ந்த வழியெல்லாம்
ஜன்னலின் தோல் உரிந்து ஒட்டிக்கொண்டது.
ஒன்றின்மேல் ஒன்றாய் எத்தனையோ ஜன்னல்,
மேலே அவள் பெயர்,
அடியில், முந்தின ஆள் விட்டுப்போன இறப்புச் சான்றிதழ்
கண்ணாடி வழியாய்த் தெரிவதுபோல்.
சட்டென்று மறைத்தேன்.
திரையை, கையால்.

போனில் வின்ஸ்டன் சொன்னான்,
"கிராபிக்ஸ் கார்டு சேரலக்கா."
நானும் வாய்விட்டே சொல்லிவிட்டேன்:
"கார்டு சேரலியாம்."

அவள் மடியிலிருந்த கவரின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள்.
பீடி கார்டு, ரேஷன் கார்டு, ஆதார்,
எதுக்கும் இருக்கட்டுமென்று எல்.ஐ.சி. ரசீது ஒன்று.
"எது சேரல தாயி?
இதுல ஆவுடத்தங்கம், இதுல வெறும் தங்கம்.
இதுல புருசன் பேரு வார எடத்துல எங்கய்யா பேரு.
கம்பெனில கணக்கப்பிள்ள எழுதுனது.
நான் என்னத்தச் செய்ய?"

"உங்க கார்டு இல்லம்மா, இதோட கார்டு."
மேஜைக்கடியில் இருந்த பெட்டியைத் தொட்டுக் காட்டினேன்.
"அதுக்குமா பேரு தப்பு?" என்றாள்.

பெட்டியின் பக்கத்தகடு எப்போதும் திறந்தே கிடக்கும், சூட்டுக்காக.
உள்ளே ஒரு பச்சைப் பலகை,
பீடிக்கட்டு அகலத்துக்கு ஒரு விசிறி,
ரோட்டுப் புழுதியும் புகையிலைத் தூளும் சரிபாதி.
ஜங்ஷனில் கேட்டாயிற்று:
இந்தத் துளைக்கு இப்போது கார்டே வருவதில்லை.
வருகிற கார்டுக்குப் பல் வேறு.
பார்த்ததைச் செய்த கம்பெனியோ
இப்படியொன்றைச் செய்தோம் என்பதையே விட்டு ஏழு வருஷம்.

படம் வரைகிறவன் கைவிரித்துவிட்டான்.
கணக்குப் பார்க்கிறவன் தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு
ஒவ்வொரு நிழலையும் பெருக்கிப் பெருக்கி வரைகிறான்,
இடையிடையே என் எலிக்கும் பதில் சொல்லி.
அதுதான் அந்த இரைச்சல்.

வின்ஸ்டன் சொல்லச் சொல்ல டிக்கை எடுத்தேன்.
நிழல், வேண்டாம்.
கண்ணாடி, வேண்டாம்.
அசைவு, வேண்டாம்.
ஜன்னலின் உருண்டை மூலைகூட வேண்டாம்.
கடைசியில் சிமென்ட் தளம்போல் ஒரு சாம்பல் சதுரம்.
அதில் அவளுடைய பன்னிரண்டு இலக்க எண்
தட்டத்தட்ட ஓடி வந்து உட்கார்ந்தது.

அனுப்பினேன்.
சிவப்பில் வந்தது: பெயர் பொருந்தவில்லை.

மேலே பார்த்தேன், கீழே இறக்கிப் பார்த்தேன்.
வேண்டாம் என்று எடுத்துவிட
அந்தப் பக்கத்தில் ஒரு டிக்கும் இல்லை.

"என்ன போட்டிருக்கு?"
"கார்டு சேரல."
யார் கார்டு என்று
இந்தத் தடவை அவள் கேட்கவில்லை.

நோட்டரிக்கு ஒரு தாள் அடித்துக் கொடுத்தேன்.
போகாததுக்குக் காசு வேண்டாமென்றேன்.
பத்து ரூபாயை எலியின் கீழே வைத்துவிட்டு
செவ்வாய் வாரேன் என்று போனாள்,
கவருக்கு ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றியபடி.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கியபிறகு
நிழலுக்கு மட்டும் டிக்கைத் திரும்பப் போட்டேன்.
கொஞ்ச நேரம் நின்றது, ஜன்னலுக்கடியில்.
நன்றாய்த்தான் இருந்தது.
அப்புறம் திரை முழுக்கக் கறுப்பு.
சுவிட்சை அணைத்துவிட்டு
பேட்டை பஸ்ஸுக்கு ஓடினேன்.