ஆறாத எரு

நாமக்கல் லாரி
மாதவரம் ரவுண்டானா தாண்டும்போதே
ஊருக்குத் தெரிந்துவிட்டது.
நாற்பது மூட்டை.
தார்ப்பாய்க்கு அடங்காத வாடை.
டிரைவர் செங்கோடன் இறங்கியதும்
கேட்டது சோறில்லை,
குளிக்கத் தண்ணீர்.

வடபெரும்பாக்கத்தில்
அறுபது சென்ட் குத்தகை எனக்கு.
ஒரு பக்கம் உபரிநீர்க் கால்வாய்,
ஒரு பக்கம் கண்டெய்னர் யார்டு,
மிச்சப் பக்கமெல்லாம் பதினோரு மாடி.
ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

போன வருடம் அவசரப்பட்டேன்.
பச்சை எருவை அப்படியே இறைத்து
தண்ணீரும் கட்டினேன்.
மூன்றாம் நாள் அரைக்கீரை
ஆசிட் தெளித்தது போலக் கிடந்தது.
பிடுங்கிப் பார்த்தால் வேர் வெந்திருந்தது.

இந்த முறை குவித்து வைத்திருக்கிறேன்.
உமி ஓர் அடுக்கு, எரு ஓர் அடுக்கு,
யார்டில் கழித்த பலகையின் தூள் ஓர் அடுக்கு.
வாரம் ஒரு புரட்டல்.
மண்வெட்டி இறங்கும் இடத்தில் ஆவி.
முழங்கை வரை கையை விட்டேன்,
ஜுரத்தில் கிடக்கும் பிள்ளையின் கக்கம் அது.

மாநகராட்சி ஆள் வந்தார்,
மூக்கில் கைக்குட்டை.
எழுதிக்கொண்டு போனார்.
போகும்போது இரண்டு கட்டு முளைக்கீரை.
காசு கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

நேற்று நிலத்துக்காரர் போன்.
"பொங்கல் வரைக்கும்தாம்மா.
அப்புறம் கல்லு நட்டுடுவாங்க."
விரல் மடக்கிப் பார்த்தேன்.
எரு குவித்தது ஐப்பசி பாதியில்.
ஆற மூன்று மாதம்.
பதினைந்து நாள் இடிக்கிறது.
இன்னொரு கையிலும் எண்ணினேன்,
அங்கேயும் அதே பதினைந்து.

ராத்திரி ஒன்பதரைக்கு
வரப்பில் டார்ச் வெளிச்சம்.
நாலாம் மாடி புருஷோத்தமன் சார்.
புகார்த் தாளில் முதல் கையெழுத்து அவருடையது.
கையில் காலி பெயின்ட் வாளி.
"ரோஜாவுக்கு நல்லதுன்னாங்க..."
"இப்பப் போட்டா பொசுக்கிடும் சார்.
தை பாதியில வாங்க, தரேன்."
சொல்லி முடித்த பிறகுதான்
என் வாய் சொன்னது என் காதுக்கு எட்டியது.
அவர் தலையாட்டிவிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.
வாளிக் கைப்பிடி
கேட் வரைக்கும் கிறீச்சிட்டது.

ஒரு மணிக்கு மழை பிடித்தது.
எருவில் தண்ணீர் இறங்கினால்
அத்தனையும் கால்வாய்க்குத்தான்.
ஓடிப்போய் தார்ப்பாயை இழுத்தேன்.
மூன்று மூலைக்குக் கல் கிடைத்தது.
காற்று நாலாவதைத் தூக்கித் தூக்கி அடித்தது.
அதன்மேல் நானே உட்கார்ந்துகொண்டேன்.
தலையில் மழை.
கீழிருந்து மெல்ல
சூடு ஏறியது.