நாற்பத்தேழு நிமிடம்

கடைசி நிறுத்தத்தில் இறங்க யாருமில்லை.
முப்பத்தொன்றாம் எண் பேருந்தை அணைத்தேன்.
திரும்பிப் புறப்பட நாற்பத்தேழு நிமிடம்.

பதினோரு குளிர்காலம் இதே இடத்தில்
ஸ்டியரிங்கின் மேல் தாளை விரித்துக்
குறுக்கெழுத்துப் போட்டிருக்கிறேன்.
‘கர்யாசோ இயற்கைப் பூங்கா’ என்ற பலகை
கண்ணாடிக்கு அப்பால்
எதிர்வீட்டுக்காரர் மாதிரி நிற்கும்.
தலையசைப்பேன். பேசியதில்லை.

இன்று ஹீட்டர் செத்துவிட்டது.
உட்கார்ந்து விறைப்பதற்கு
நடந்தே விறைக்கலாம்.
‘சுற்றுப்பாதை: அரை மணி நேரம்’ என்று போட்டிருக்கிறது.
எழுதியவர் கோடையில் நடந்திருக்க வேண்டும்.

சதுப்பு நிலத்தின் மேல் இரண்டு பலகை அகலம்,
அவ்வளவுதான் வழி.
ஓர் அடி தவறினால் முழங்கால் வரை பாசி.
பனி நறநறக்கிறது,
பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கும் ஆள் போல.
நரியும் பலகை மேலேயே போயிருக்கிறது,
ஒற்றைக்கால் பிராணி போல ஒரே நேர்கோட்டில்.
அதற்கும் ஈரக்கால் ஆகாது போலும்.

பைன் மரங்கள் என் தோளுயரம்.
என்னைவிட மூத்தவையாம்.
சாப்பிட ஒன்றுமில்லாத நிலத்தில்
வளராமல் இருப்பதும் ஒரு கெட்டிக்காரத்தனம்.
குட்டைகள் கறுப்பாக உறைந்திருந்தன.
குனிந்து பார்த்தேன்.
யாரோ ஒரு பெண்,
சீருடைத் தொப்பி, சிவந்த மூக்கு.
அவளும் அவசரத்தில் இருந்தாள்.

மூன்றாவது வளைவில்
கைப்பிடிக் கம்பத்தின் உச்சியில்
ஒரு கையுறை செருகியிருந்தது.
ஆரஞ்சும் நீலமும். இடக்கை.

எனக்கு அது தெரியும்.
வியாழக்கிழமைகளில்
மரம் அறுக்கும் மில் நிறுத்தத்தில் ஏறுகிறவள்,
அதைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு
சில்லறை எண்ணுவாள்.
கடைசி வரை வருவாள், இறங்குவாள்,
அதே வண்டியில் திரும்புவாள்.
போக்கிடம் இல்லாதவள் என்று நினைத்திருந்தேன்.
பெயர் கேட்டதில்லை.
வாயில் கம்பளியோடு அவள் சொல்லும் வணக்கம்
ஒருநாளும் எனக்குப் புரிந்ததில்லை.

எத்தனை வியாழன் ஆயிற்று?
மூன்றா, நான்கா?

தொட்டுப் பார்த்தேன்.
உள்ளே ஒரு கை இருப்பது போல் விறைப்பு.
விட்டுவிட்டு நடந்தேன்.
இருபது அடி போய்த் திரும்பினேன்.

கண்காணிப்புக் கோபுரத்தில் ஐம்பத்திரண்டு படி.
மேலே மூச்சு வாங்க நின்றபோது
தூரத்தில் என் பேருந்து,
யாரோ தவறவிட்ட தீப்பெட்டி.
விளக்கை அணைக்க மறந்திருக்கிறேன்.
கதவருகே ஓர் ஆள்!

ஓடினேன் என்று சொல்ல மாட்டேன்.
பலகை என்னை இரண்டு முறை உட்கார வைத்தது.
கையுறை மட்டும் கீழே விழவில்லை.

ஹெல்தூர்தான். பனிச்சறுக்குக் கட்டைகளோடு.
“ஊர்வே, வண்டிக்குள் பிணவறை மாதிரி இருக்கிறது.”
“ஏறுங்கள்,” என்றேன்.

கண்ணாடிக்குக் கீழே நிறுத்தி வைத்தேன்.
ஹீட்டர் இல்லாததால் உருகவில்லை.
நகரம் வரைக்கும்
எல்லா நிறுத்தத்திலும் கை உயர்த்தியபடி வந்தது.
ஏறியவர்கள் அதைப் பார்த்தார்கள்,
என்னைப் பார்த்தார்கள்,
டிக்கெட் வாங்கினார்கள்.

டெப்போவில் ரைவோ ராத்திரியே பழுது பார்த்துவிட்டான்.
காலையில் கையுறை துவண்டு கிடந்தது.
கீழே ஒரு கரண்டித் தண்ணீர்.

இன்று வியாழன்.
மில் நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை.
இருந்தும் நிறுத்தினேன், கதவைத் திறந்தேன்.
குளிர் மட்டும் ஏறியது, சில்லறை எண்ணாமல்.
பின்னாலிருந்து யாரோ இருமினார்கள்.
மூடினேன்.

கடைசி நிறுத்தம்.
ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது.
குறுக்கெழுத்தில் பதினான்கு, மேலிருந்து கீழ்,
ஐந்து எழுத்து, காலியாக இருக்கிறது.
இருக்கட்டும்.
பூட்ஸ் நாடா இன்னும் ஈரம்,
முடிச்சு நிற்க மாட்டேன் என்கிறது.