கம்பிப் பதம்

ஆற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில்
மக்கன் பேடா பொரிக்கிற அடுப்பு என்னுடையது.
அடுப்பு முதலாளியுடையது. சூடு மட்டும் என்னுடையது.

பாலாற்றுப் பாலம் தாண்டி ஸ்கூட்டியில் வந்தார்
பத்திரப் பதிவு ஆபீஸ் கோமளவல்லி மேடம்.
மகளுக்கு நிச்சயதார்த்தம். நானூறு பேடா.
அதில் நாற்பது மட்டும் இதில் செய்யணும் என்று
ஒரு பொட்டலத்தை வைத்தார். பச்சைப் பொடி.
"சீனித்துளசி மாஸ்டர். மாப்பிள்ளை வீட்டில்
பாதிப் பேருக்குச் சுகர்."
மைதாவை என்ன செய்வது என்று
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
அப்புறம் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது,
போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு
வாசலில் நின்று அரைமணி பேசும் சம்பந்தி போல.
கடைசியில் ஒரு கசப்பு.
அதிமதுரக் குச்சியை மென்று துப்பினால் நிற்குமே, அது.

ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு மாதிரிக்கு ஆறு போட்டேன்.
சர்க்கரை சொன்ன பேச்சு கேட்கும்.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே
ஒரு கம்பி இழுத்து
போதும் இறக்கு என்று அதுவே சொல்லும்.
இலைத்தண்ணி கொதித்தது,
வற்றியது,
பச்சையாகவே வற்றியது,
கம்பி விடவில்லை.
இனிப்பு இருக்கிறது, உடம்பு இல்லை.
குளிக்க மனசில்லாத பிள்ளை மாதிரி
பேடா மேலேயே மிதந்தது.

பனைவெல்லம் போடவா என்று போன் செய்தேன்.
"அதுவும் சர்க்கரைதான் மாஸ்டர்,
வேலூர் டாக்டர் திட்டுவார்."

பாலைச் சுண்டவைத்து அதில் பொடியைத் துணியில் கட்டி இறக்கினேன்.
ஏலக்காய் கூட நாலு. துளி சுக்கு.
ஒரு மாதிரி நின்றது.
தட்டை மூட மறந்து அங்கேயே படுத்துவிட்டேன்.

விடியற்காலை
நேற்று விற்காத சர்க்கரைப் பேடாவில் எறும்பு,
கறுப்பாக, கோயில் திருவிழாக் கூட்டம்.
இலைத் தட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போனது வரிசை.
ஒன்றே ஒன்று ஏறி, மீசையால் தொட்டு, இறங்கிவிட்டது.
ஊரை ஏமாற்றலாம், இதுகளை ஆகாது
என்று சிரித்தபடி கொல்லைக்குப் போனேன்.

சிமெண்ட் தரையில்
ராத்திரி நான் ஒதுங்கிய மூலையில்
அதே கூட்டம்.

பாகுச் சட்டி கழுவிய தண்ணி
இந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று பார்த்தேன்.
சட்டி கழுவவில்லை. அடுப்பு மேலேயே இருந்தது.

முப்பத்திரண்டு வருஷம்
நாளுக்கு எத்தனை சொட்டு ஜீரா பார்த்த நாக்கு.
கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.
ஒரு குடம் தண்ணி கொண்டுவந்து ஊற்றினேன்.
கலைந்தன. வேறு வழியாக வந்தன.

பத்து மணிக்கு மேடம் ருசி பார்த்தார்.
"பின்னாடி கொஞ்சம் கசக்குதே?"
பழகிடும் என்றேன்.
அவசரமாகச் சொல்லிவிட்டேன் போல, நிமிர்ந்து பார்த்தார்.

நாற்பதும் முடித்துக் கொடுத்த அன்று
மிச்சப் பொடி இருக்கா என்று கேட்டார்.
தீர்ந்துபோச்சு என்றேன்,
சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு.