எட்டாவது வளைவில் நூல்

காக்கைக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும்.
இந்த வேலையில் அது ஒன்றுதான் விதி.
விடிந்துவிட்டால் கொத்திக்கொண்டு போய்விடும்
என் ஆய்வேட்டின் ஒரு பக்கத்தை.

அடிவாரம் சோதனைச் சாவடியில்
ஐந்து இருபதுக்கு வண்டி எண் கொடுக்கிறேன்.
'நோக்கம்' என்ற கட்டத்தில்
முதல் மாதம் நானே எழுதினேன்: கள ஆய்வு.
இப்போது காவலரே எழுதிக்கொள்கிறார்:
பாம்பு.

இரவு மழை பெய்திருந்தால் நல்லது.
நல்லது என்றா சொன்னேன்?
மழை பெய்தால்தான் அவை மண்ணைவிட்டு மேலே வரும்,
வந்தால்தான் லாரி ஏறும்,
ஏறினால்தான் எனக்கு எண்ணிக்கை.
இந்தக் கணக்கை
வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

கேடயவால் பாம்பு.
சுண்டுவிரல் தடிமன். கடுகில் பாதி கண்.
சாய்வாக ஒரே வெட்டில் நறுக்கிவிட்டாற்போல் வால்.
விஷமில்லை, கடிக்கவும் வராது.
மண்புழு தின்று
காப்பிச் செடிகளின் காலடியில்
ஓசைப்படாமல் குட்டி போட்டு வாழ்கிறது.
அதன் கெட்ட நேரம்,
பார்க்க மண்ணுளி மாதிரி இருக்கிறது.
வாரத்துக்கு ஒருவராவது அழைக்கிறார்:
"மேடம், இருதலை ஒண்ணு மாட்டியிருக்கு,
எத்தனை லட்சம் போகும்?"

அம்மாபேட்டையில் வீட்டுக்காரம்மா
வாடகைக்கு வரும்போது
வயிறு உப்பிய ஆட்டையும் இழுத்து வருகிறார்.
விலங்கியல் வேறு, கால்நடை மருத்துவம் வேறு என்று
ஓமத்தண்ணீர் புகட்டிக்கொண்டே
விளக்குகிறேன்.

இன்று எட்டாவது வளைவு.
ஈரத் தாரில் மண்டியிட்டிருக்கிறேன்.
நெளிந்து கிடப்பதை அளவுகோல் அளக்காது.
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளை நூலை
முதுகு ஓரமாகப் படியவைத்து,
பிறகு நூலை நீட்டி அளக்க வேண்டும்.
இருபத்து மூன்று சென்டிமீட்டர்.
வயிறு பிளந்த இடத்தில் இன்னும் நான்கு,
தீக்குச்சி நீளத்தில்.

இவற்றுக்குத் தனி வரிசையா,
தாயோடு ஒன்றா?
கரப்பான் பூச்சியின் வாயைக் கழற்றி
கண்ணாடித் தகட்டில் அடுக்கியபோது
கை நடுங்காதவள் என்று பெயர் வாங்கியவள் நான்.
ஐந்து வருடப் பாடத்தில்
இந்தக் கேள்வி வரவில்லை.

முதல் பேருந்து மேலேறி வந்து
என் முதுகுக்குப் பின்னால் நின்றது.
ஓட்டுநர் செங்கோடன் ஒலி எழுப்பவில்லை;
முகப்பு விளக்கை மட்டும்
என் குறிப்பேட்டில் விட்டுவைத்தார்.
படிக்கட்டில் தொங்கிய நடத்துநர் கேட்டார்:
"இதுக்கு என்னம்மா படிக்கணும்?
எம்பொண்ணு பிளஸ் டூ."
"இளங்கலை, முதுகலை, ஒரு தேர்வு.
உதவித்தொகை வரும், ஏழு மாசம் தள்ளி."
"அப்புறம்?"
"மழைக்குக் காத்திருக்கணும்."
"அவ பல்லியப் பாத்தாலே கத்துவா."
"நான் இப்பவும் கத்துவேன்."
உள்ளே யாரோ கொட்டாவி விட்டார்கள்.
விசில்.

பேருந்து என்னைச் சுற்றி,
அந்த நான்கையும் சுற்றி வளைந்தது.
ஈரச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு போயிற்று
என் நூல்.
இன்னும் பன்னிரண்டு வளைவுகள்.
இருபத்து மூன்று சென்டிமீட்டர்
ஏற்காட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

நான்கையும் நான்கு வரிசையாக எழுதினேன்.
வழிகாட்டி அடிப்பார்; அடிக்கட்டும்.

தடுப்புச் சுவரில் காக்கை.
நான் பேனாவை மூடும்வரை
அது காத்திருந்தது.